ஏழு புதன்கிழமைகள், 80 ரிங்கிட்: பிரிக்ஃபீல்ட்ஸ் பாஸ்கா வகுப்பு பற்றி ஒரு மதிப்புரை

கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்துக் கத்தோலிக்கப் பங்கு ஒன்று 2025-ஆம் ஆண்டின் தவக்காலத்தில் மன்னிப்பைப் பற்றித் தமிழில் நடத்திய பாஸ்கா (ஈஸ்டர்) வகுப்பில் 80 ரிங்கிட் கட்டிச் சேர்ந்தேன். மார்ச் 12 தொடங்கி ஏழு புதன்கிழமைகள், இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். பத்து மணிக்கு முடிந்த நாள் ஒன்றுகூட இல்லை. ஆறு வகுப்புகள் கிறிஸ்து உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்பும், ஏழாவது அதற்குப் பின்பும் வைக்கப்பட்டிருந்தன. பெருவிழாவே முடிந்துவிட்ட பிறகு வகுப்புக்கு யார் வரப்போகிறார்கள் என்றுதான் பதிவு செய்யும்போது நினைத்தேன். கட்டிய பணத்தின் மதிப்பில் பாதி அந்த ஏழாம் புதன்கிழமையில்தான் கிடைத்தது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

பங்கின் பெயரை எழுதப்போவதில்லை. நடத்தியவர்கள் ஊதியம் வாங்காமல் உழைத்தவர்கள். நான் சொல்லவேண்டிய குறைகளில் ஒன்று கடுமையானது. அதைப் பெயரோடு சேர்த்துப் பொதுவில் வைப்பது முறையாகாது. குறையை உரியவர்களிடம் நேரில் சொல்லிவிட்டேன்.

நான் ஏன் சேர்ந்தேன் என்பதையும் சொல்லாவிட்டால் இந்த மதிப்பீட்டை வாசகர் எடைபோட முடியாது. என் தம்பி லோரி வாங்கியபோது வங்கிக் கடனுக்குப் பிணைக் கையெழுத்து இட்டவன் நான். 2014-இல் அவர் தவணையை நிறுத்தினார். வங்கி என்னைத் தேடி வந்தது. மாதம் 540 ரிங்கிட் வீதம் 72 மாதங்கள், ஆக 38,880 ரிங்கிட், என் சம்பளத்திலிருந்து போனது. அந்த எண்ணை எழுதக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவேண்டிய தேவை எனக்கு இல்லை. அவர் கிள்ளானில் இருக்கிறார், நான் இங்கே இருக்கிறேன்; உறவினர் வீட்டுச் சாவுகளில் மட்டும் ஒரே கூரையின்கீழ் நின்றிருக்கிறோம். கிறிஸ்துவின் சாவை நினைவுகூரும் ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் சிலுவையை முத்தமிடும்போது இதை நினைப்பேன். ஞாயிறன்று பிரியாணி சாப்பிடும்போது மறந்துவிடுவேன். இப்படியே பதினொரு ஆண்டுகள் போய்விட்டன.

வசதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் குளிர்சாதனம் இருந்தது. ஒலிபெருக்கியில் இரைச்சலும் இருந்தது. திரையில் காட்டிய படங்கள் மங்கலாகத் தெரிந்தன. ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் அந்த நேரத்தில் கார் நிறுத்த இடம் தேடுவது வீண் வேலை, கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடப்பதே நல்லது. முதல் மூன்று வகுப்புகள் முஸ்லிம்களின் நோன்பு மாதத்தில் வந்ததால், நோன்பு துறக்கும் நேரமான ஏழரைக்குச் சற்று முன்பு சாலை முழுவதும் நெரிசலாக இருக்கும். எட்டு மணிக்குள் எல்லாம் அடங்கிவிடும். நேரத்தை அறிந்தே அமைத்திருக்கிறார்கள். இடைவேளையில் சைவமாக மீகூன் கோரெங், சுண்டல், காப்பி ஓ. சுண்டல் மிக நன்றாக இருந்தது.

கையில் கொடுத்த குறிப்பேட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழ் எழுத்துகளில் நிரப்பி வைத்ததுபோன்ற நடை. ஒரு பத்தியை மூன்று முறை வாசித்தும் எழுவாய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாத இடங்கள் உண்டு. ‘ஒப்புரவு’ என்ற சொல் ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் வருகிறது. அது பழைய தலைமுறையினர் ‘பாவசங்கீர்த்தனம்’ என்று சொன்ன, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் அதே அருட்சாதனத்தின் பெயர் என்று ஓர் இடத்திலும் விளக்கம் இல்லை. என் அருகில் அமர்ந்திருந்த மூதாட்டி இரண்டாம் வாரத்துக்குப் பிறகு குறிப்பேட்டை விசிறியாகப் பயன்படுத்தினார்.

பேசியவர்களின் தமிழ் வேறு தரம். வகுப்புகளில் பெரும்பாலானவற்றை ஓய்வுபெற்ற அருட்தந்தை ஒருவரும் அருட்சகோதரி ஒருவரும் மாறிமாறி நடத்தினார்கள். முதல் வகுப்பு வரலாறு. உயிர்ப்புப் பெருவிழாவின் நாளைக் கணிக்கும் முறை 325-ஆம் ஆண்டு நிசேயா பொதுச்சங்கத்தோடு தொடர்புடையது என்பதையும், பழைய உரோமைத் திருச்சபையில் வெளிப்படையாகத் தவம் செய்தவர்கள் பெரிய வியாழனன்று மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள் என்பதையும், புதிதாக வருவோர் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இரவான பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெற்றார்கள் என்பதையும், ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவ அறிக்கை செய்து பாஸ்கா காலத்தில் நற்கருணை பெறவேண்டும் என்ற கட்டளை 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கத்தில் வந்தது என்பதையும் அடுக்கிச் சொன்னார்கள். மன்னிப்பும் இந்தப் பெருவிழாவும் தொடக்கத்திலிருந்தே ஒரே கயிற்றில் திரிக்கப்பட்டவை என்பது புரிந்தது. ஆனால் அது பரீட்சைக்குப் படிப்பதுபோல் இருந்தது. இத்தோடு நின்றுவிடலாமா என்று வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்தேன்.

இரண்டாம் புதன்கிழமை என்னைப் பிடித்து நிறுத்தியது. அருட்தந்தை இயேசு கற்பித்த செபத்தைக் கத்தோலிக்கர் சொல்லும் வடிவத்தில் ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, பிற சபைகளிலிருந்து வந்திருந்தவர்களை அவர்கள் வழக்கப்படி சொல்லச் சொன்னார். நாம் ‘குற்றங்களை மன்னியும்’ என்று சொல்கிற இடத்தில் அவர்கள், ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்று சொன்னார்கள். என் தாய்வழியினர் மெதடிஸ்ட் சபையார். பாட்டி வீட்டில் ஆயிரம் முறை கேட்ட சொற்கள்தாம். கடன் என்ற சொல் அன்றுதான் காதில் விழுந்தது. மத்தேயு எழுதிய கிரேக்க மூலத்தில் இருப்பதும் கடன்தான் என்றும், அங்கே மன்னிப்பதைக் குறிக்கும் வினைச்சொல்லுக்கு விட்டுவிடுதல், கையிலிருந்து நழுவவிடுதல் என்பதே பொருள் என்றும் அவர் விளக்கினார்.

அடுத்து மத்தேயு 18-ஆம் அதிகாரத்து உவமைக்குப் போனார். அரசனிடம் பத்தாயிரம் தாலந்து கடன்பட்ட பணியாளன் ஒருவன் மன்னிக்கப்படுகிறான். வெளியே வந்ததும் தன்னிடம் நூறு தெனாரியம் கடன்பட்ட உடன்பணியாளனின் கழுத்தை நெரிக்கிறான். இந்த நூறு தெனாரியத்தை ‘அற்பக் கடன்’ என்று சொல்லாத மறையுரையை நான் கேட்டதில்லை. அருட்தந்தை வெண்பலகையில் கணக்குப் போட்டார். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஆகவே முதல் கடன் ஆறு கோடி நாள் கூலி. ஒரு நாளும் ஓய்வெடுக்காமல் உழைத்தாலும் 160,000 ஆண்டுகளுக்குமேல் ஆகும். அது கட்டவே முடியாத கடன். இரண்டாவது கடன் நூறு நாள் கூலி. 2025-இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டை மாதத்துக்கு 26 வேலைநாளாக வகுத்தால், அது ஏறக்குறைய 6,500 ரிங்கிட். “இது அற்பம் என்று உங்களில் யார் சொல்வீர்கள்?” என்று கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை. ஆண்டவர் அந்த இழப்பைச் சிறிதாக்கிக் காட்டவில்லை, பிறர் நமக்குச் செய்தது உண்மையாகவே நம்மைக் கொள்ளையடித்திருக்கலாம், அதை ஒத்துக்கொண்டுதான் உவமை தொடங்குகிறது என்றார். ‘சின்ன விஷயத்துக்கா இப்படி’ என்று பதினொரு ஆண்டுகளாக உறவினர் சொல்லக் கேட்ட எனக்கு, 38,880 ரிங்கிட் சின்ன விஷயம் இல்லை என்று பலிபீடத்தின் பக்கத்திலிருந்து ஒருவர் சொன்னது அதுவே முதல்முறை. மன்னிக்கும் எண்ணம் எனக்கு அன்று வந்துவிடவில்லை. ஆனால் கோபம் நியாயமானது என்று ஒருவர் ஒப்புக்கொண்டதும் அதைச் சற்று இறக்கிவைத்துப் பார்க்க முடிந்தது.

மூன்றாம் வகுப்பின் கேள்வி வகுப்பு முழுவதற்கும் அச்சாணி. பாவங்களுக்காகக் கிறிஸ்து சிலுவையில் இறந்தார் என்றால், மன்னிப்பு வெள்ளிக்கிழமையே கிடைத்துவிட்டது, ஞாயிறு எதற்கு? நம் மக்களின் நடத்தையும் இந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கிறது. தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளி பொதுவிடுமுறை இல்லை. சபாவிலும் சரவாக்கிலும் மட்டுமே விடுமுறை. ஆயினும் ஆண்டு விடுப்பில் ஒரு நாளைக் கழித்துக்கொண்டு கோவிலுக்கு வெளியே சாலை வரை நிற்பவர்கள் நம்மவர்கள். பாஸ்கா இரவின் நீண்ட வழிபாட்டுக்கு அவ்வளவு கூட்டம் வருவதில்லை. துயரம் நமக்கு எளிதாகப் புரிகிறது.

அருட்தந்தை முதலில் பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் கான்டர்பரி பேராயர் ஆன்செல்ம் தந்த விளக்கத்தைச் சொன்னார்: பாவம் என்பது கடவுளுக்குச் செலுத்தவேண்டிய மதிப்பைச் செலுத்தாமல் வைத்த கடன், மனிதர் அடைக்க முடியாத அதைக் கடவுளும் மனிதருமான ஒருவர் அடைத்தார். மேற்கத்தியத் திருச்சபையில் ஆழமாக வேரூன்றிய விளக்கம் இது. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டால் உயிர்ப்பு வெறும் இரசீதாகிவிடும் என்றார் அவர். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் பவுல் அப்படி எழுதவில்லை. கிறிஸ்து எழுப்பப்படவில்லையென்றால் உங்கள் நம்பிக்கை வீண், நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களிலேயே இருக்கிறீர்கள் என்கிறார். அதாவது சிலுவை மட்டும் நடந்து கல்லறை மூடியே இருந்திருந்தால் மன்னிப்பு இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு அவர் தந்த விளக்கத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. தவறு யாருக்குச் செய்யப்பட்டதோ அவரே மன்னிக்க முடியும். அவருக்காக வேறொருவர் மன்னிக்க முடியாது. கொலை என்ற குற்றத்தின் கொடுமையே அதுதான்: மன்னிக்கக்கூடிய ஒரே ஆளை அது இல்லாமலாக்கிவிடுகிறது. “தோட்டப்புறத்தில் வளர்ந்த உங்களுக்குக் கதைகள் தெரியும்,” என்றார். அநியாயமாகக் கொல்லப்பட்டவர் திரும்பி வந்தால் எதற்கு வருவார்? பழி கேட்க வருவார். அவரைச் சாந்தப்படுத்தவே ஊர் படையல் வைக்கும். பூட்டிய அறைக்குள் இருந்த சீடர்கள் யூத அதிகாரிகளுக்கு அஞ்சியதாக யோவான் எழுதுகிறார். ஆனால் கல்லறை காலியாக இருக்கிறது என்ற செய்தி காலையிலேயே அவர்களுக்கு வந்துவிட்டது. மூன்று நாளுக்கு முன்பு இயேசுவை விட்டு ஓடியவர்கள் அவர்கள். அவர்களில் பேதுரு, அவரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னவர். அவர்கள் அஞ்சியவர்களில் இயேசுவும் ஒருவராக இருந்திருக்கலாம் என்று, இது தம் ஊகமே என்ற எச்சரிக்கையோடு, அருட்தந்தை சொன்னார். அந்த அறைக்குள் கொல்லப்பட்டவர் வந்து நிற்கிறார். நாம் வைக்கவேண்டிய சாந்தியை அவரே கொடுக்கிறார்: ‘உங்களுக்குச் சமாதானம்.’ அதன்பின் அவர்கள்மேல் ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை அவர்களிடமே ஒப்படைக்கிறார். ஓடியவர்களிடம், அதுவும் அன்றைக்கே.

மண்டபத்தில் ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் கேட்டது. நான் என்னைப் பற்றி ஒரு கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. தவறு செய்தவர் முதலில் வரவேண்டும் என்பது உலக நியாயம். அந்த நியாயத்தின் மேல்தான் பதினொரு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தேன். இந்தக் கதையில் காயம்பட்டவர் முதலில் வருகிறார். எனக்கு இது பிடிக்கவில்லை. இன்றும் முழுமையாகப் பிடிக்கிறது என்று சொல்லமாட்டேன்.

அன்று காட்டிய படம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். இஸ்தான்புல் கோரா ஆலயத்தில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்ட சுவரோவியம் அது: கிறிஸ்து பாதாளத்தின் கதவுகளை மிதித்து நின்று, ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் கல்லறைகளிலிருந்து இழுத்துத் தூக்குகிறார். கீழைத் திருச்சபைகளில் உயிர்ப்பை இப்படித்தான் தீட்டுகிறார்கள். அவர் பிடித்திருப்பது அவர்களின் மணிக்கட்டை என்று அருட்சகோதரி சுட்டிக்காட்டினார். விழுபவன் கையை நழுவவிட்டாலும் பிடி போகாது. திரை மங்கலாக இருந்ததால் மணிக்கட்டை நாங்கள் நம்பிக்கையால்தான் கண்டோம்.

நான்காம் வகுப்பு நடந்த ஏப்ரல் 2, நோன்புப் பெருநாளின் மூன்றாம் நாள். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் பாதி மூடியிருந்தன. முப்பத்து நான்கு பேரில் பதினொருவரே வந்திருந்தோம். அருட்சகோதரி திட்டமிட்ட பாடத்தை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொருவரும் அந்த மூன்று நாள்களில் ‘மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்’ என்று எத்தனை முறை சொன்னோம், கேட்டோம் என்று விசாரித்தார். வெளியிலும் உள்ளிலும் செய்த தவறுகளுக்கு மன்னிப்பு என்ற அந்தத் தொடரை இந்நாட்டில் பிறந்த எல்லாரும் அறிவோம். திறந்த இல்ல உபசரிப்பில் ரெண்டாங் தட்டை வாங்கிக்கொண்டே சொல்லியிருக்கிறோம். தெரியாமல் செய்ததையும் சேர்த்து, வாசலிலேயே மன்னிப்புக் கேட்டு உள்ளே நுழையும் அந்த வழக்கத்தின் அழகை அவர் மனமாரப் பாராட்டினார். நம் மரபில் அத்தகைய வாசல் மன்னிப்பு இல்லை. பதிலாக, செய்ததைப் பெயர் சொல்லி அறிக்கையிடும் முறை இருக்கிறது. ஒன்று கதவைத் திறக்கிறது, மற்றது அறையைப் பெருக்குகிறது என்று அவர் சொன்னார். எனக்கு இந்த உவமை அவ்வளவாக ஒட்டவில்லை, ஏனெனில் பெருக்காமலே கதவைத் திறந்து வைத்திருக்கும் வீடுகளை இரண்டு சமயங்களிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் குறைந்த ஆள்களோடு, குறிப்பேடு இல்லாமல் நடந்த அந்த இரவு, திட்டமிட்ட சில வகுப்புகளைவிட நன்றாக அமைந்தது.

ஐந்தாம் வகுப்பைப் பற்றி எழுதக் கசப்பாகவே இருக்கிறது. வெளியிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் நடத்தினார். நம்மைப் புண்படுத்தியவருக்கு ஒரு கடிதம் எழுதி, ‘உன்னை மன்னிக்கிறேன்’ என்று முடித்து, முன்னால் வைத்திருந்த சட்டியில் போட்டு எரிக்கவேண்டும். பின்னணியில் மெல்லிசை. பதினைந்து நிமிடம் தரப்பட்டது. பதினொரு ஆண்டுகளைப் பதினைந்து நிமிடத்தில் அடைக்கச் சொன்னதை நான் பொறுத்துக்கொண்டேன். வெற்றுத் தாளை மடித்துப் போட்டேன். ஆனால் ஒரு பெண்மணி எழுந்து, தன்னை அடிக்கும் ஒருவரைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, பேச்சாளர், சிலுவையிலிருந்தே கிறிஸ்து மன்னித்தார், நீங்களும் மன்னித்து வீட்டில் அமைதியைக் காத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அடுத்தவரிடம் போய்விட்டார். மன்னிப்பைப் பற்றி ஏழு வாரம் பேசும் வகுப்பில் இப்படியொரு பதில் வந்தது பெரும் பிழை. மூன்றாம் வாரம் கற்பித்ததற்கே அது முரணானது. உயிர்த்தவர் மன்னித்தார் என்றால், அவரை இனி யாரும் கொல்ல முடியாத நிலையில் நின்று மன்னித்தார். அடி விழுந்துகொண்டே இருக்கும் இடத்துக்குத் திரும்பிப் போகும்படி யாரையும் அவர் சொல்லவில்லை.

அருட்சகோதரி அதை அப்படியே விட்டுவிடவில்லை என்பதை நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். அடுத்த புதன்கிழமை தொடங்கியதும், பெயர் எதையும் குறிப்பிடாமல், முந்தைய வாரம் சொல்லப்பட்டது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். உயிர்த்த இயேசு தம் சீடர் தோமாவுக்குக் காட்டிய கைகளில் காயம் அப்படியே இருந்தது. உயிர்ப்பு அந்தக் காயத்தை மறைக்கவில்லை, நடக்காததுபோல் ஆக்கவுமில்லை. லூக்கா 17-இல் இயேசுவே, சகோதரன் தவறினால் கண்டித்துக்கொள்ளுங்கள், மனம் மாறினால் மன்னியுங்கள் என்று வரிசைப்படுத்துகிறார். பழிவாங்கும் உரிமையை விட்டுவிடுவது வேறு, அதே வீட்டுக்குள் திரும்பிப் போவது வேறு. இரண்டாவதற்கு எதிராளியின் மனமாற்றம் வேண்டும், காவல்துறையும்கூட வேண்டியிருக்கலாம் என்றார். அந்த ஐந்து நிமிடம் மிகத் தெளிவாக இருந்தது. இருந்தாலும் அந்தப் பெண்மணி அன்று வரவில்லை. அடுத்த முறை குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே, 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு ஆணை பெறமுடியும் என்ற செய்தியையும், 15999 என்ற தாலியான் காசிஹ் உதவி எண்ணையும் அச்சிடவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். செய்வதாகச் சொன்னார்கள்.

ஆறாம் வகுப்பின் மீதி நேரம் பாஸ்கா இரவின் சடங்குகளுக்கான விளக்கம்: புது நெருப்பு, பாஸ்கா திரியில் பதிக்கும் ஐந்து சாம்பிராணி மணிகள், ஆண்டின் நான்கு எண்கள், திருமுழுக்கு வாக்குறுதிகள். இத்தகைய மீட்பரைப் பெற்றுத்தந்ததால் ஆதாமின் குற்றத்தையே பேறுபெற்றது என்று அந்த இரவின் புகழுரை துணிந்து பாடுவதைச் சுட்டிக்காட்டினார்கள். ஏப்ரல் 19 இரவு அந்த வரி வந்தபோது காத்திருந்து கேட்டேன். முந்தைய ஆண்டுகளில் அந்த நேரத்தில் மெழுகு கையில் வடியாமல் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். பாவ அறிக்கை வரிசையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: நீளமாக இருந்தது, முன்னே நின்றவர் நெடுநேரம் எடுத்துக்கொண்டார், நான் நான்கு நிமிடத்தில் முடித்தேன்.

ஏப்ரல் 21, பாஸ்கா திங்கள், திருத்தந்தை பிரான்சிஸ் இறந்தார். முந்தைய நாள்தான் புனித பேதுரு பேராலய மாடத்திலிருந்து ஆசீர் வழங்கியிருந்தார். புதன்கிழமை, ஏழாம் வகுப்புக்கு வந்தபோது மண்டபத்தில் அவருடைய படத்தின் முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மன்னிப்பதில் கடவுள் சலிப்பதில்லை, மன்னிப்புக் கேட்பதில் நாம்தான் சலித்துப்போகிறோம் என்று 2013-இல் பொறுப்பேற்ற சில நாள்களிலேயே அவர் சொன்னதை அருட்தந்தை நினைவுகூர்ந்தார். வேறு இரங்கலுரை இல்லை. எங்களை வெளியே, பின்முற்றத்துக்கு வரச் சொன்னார்கள்.

அங்கே கரி அடுப்பு மூட்டியிருந்தார்கள். அருட்சகோதரி முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, மஞ்சள் தடவிய கெம்போங் மீன்களை வாட்டிக்கொண்டிருந்தார். புகை கண்ணில் ஏறியது. அருட்தந்தை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, யோவான் நற்செய்தியில் இரண்டே இரண்டு இடத்தில் கரிநெருப்பு வருகிறது என்றார். முதலாவது தலைமைக் குருவின் முற்றத்தில். பேதுரு அதில் குளிர்காய்ந்துகொண்டே அவரைத் தெரியாது என்றார். இரண்டாவது திபேரியக் கடற்கரையில், உயிர்ப்புக்குப் பின், விடியலில். பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் இரண்டு இடத்திலும் ‘கரிநெருப்பு’ என்றே சொல்கிறது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் வேறெங்கும் வருவதில்லை. பேதுரு கடலில் குதித்து, நனைந்து, கரையேறி வந்ததும் மூக்கில் ஏறியது எந்த வாசனையாக இருந்திருக்கும்? இங்கே கரியில் இறைச்சி வாட்டும் சாத்தே கடை வழியாக நடந்துபோனவர்களுக்கு அது விளங்கும் என்றார். உடையிலும் முடியிலும் ஏறிக்கொண்டு வீடு வரை வரும் வாசனை. தோற்ற இடத்தின் வாசனைக்குள்ளேயே அவரை ஆண்டவர் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஆனால் அங்கே முதலில் நடப்பது விசாரணை அல்ல. அப்பமும் மீனும் தயாராக இருக்கின்றன; ‘வந்து சாப்பிடுங்கள்’ என்கிறார். மூன்றாம் வாரம் சொன்ன படையல் எனக்கு நினைவுக்கு வந்தது. படையல் கேட்டு வரவேண்டியவர் தாமே அடுப்பு மூட்டிச் சமைத்து வைத்திருக்கிறார்.

சாப்பிட்டு முடித்த பிறகே கேள்வி வருகிறது: நீ என்னை அன்பு செய்கிறாயா? மூன்று முறை. மூன்றாம் முறை பேதுரு மனம் வருந்தினார் என்று யோவான் எழுதுகிறார். மூன்று மறுப்புக்கு மூன்று கேள்வி. எதுவும் மறைக்கப்படவில்லை, எதுவும் ‘போனது போகட்டும்’ என்று மூடப்படவும் இல்லை. ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பு கொடுக்கப்படுகிறது. அந்தப் பகுதியில் அன்புக்கு வரும் இரண்டு கிரேக்கச் சொற்களின் வேறுபாட்டை வைத்து ஒரு மணிநேரம் பேசுபவர்கள் உண்டு. அவர் அதை ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போனது எனக்கு நிம்மதியாக இருந்தது. மாற்கு நற்செய்தியில் கல்லறைக்குள் இருந்த இளைஞன் பெண்களிடம், சீடர்களிடமும் பேதுருவிடமும் சொல்லுங்கள் என்று பேதுருவின் பெயரைத் தனியாகச் சேர்த்துச் சொல்வதை மட்டும் அவர் எடுத்துக் காட்டினார். பேதுருவும் சீடர்களில் ஒருவர்தானே, ஏன் தனியாக? தன்னையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள் என்று அவர் நம்பியிருக்கமாட்டார் என்பதால்.

மீனைக் கையில் வாங்கிச் சாப்பிட்டோம். இலையில் சம்பால் இருந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது பதினொன்றரை மணி.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, தம்பிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு வரி அனுப்பினேன்: காலைப் பசியாறலுக்குக் கிள்ளான் வருகிறேன், இருப்பாயா? இடத்தின் பெயரை மட்டும் பதிலாக அனுப்பினார். தோசை சாப்பிட்டோம். அவருடைய மகள் படிப்பைப் பற்றியும் என் முழங்கால் வலியைப் பற்றியும் பேசினோம். காசு நான் கொடுக்கப்போனபோது அவர் முந்திக்கொண்டார். லோரியைப் பற்றி இருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. இந்த இடத்தில் வகுப்பின் பாடத்தோடு எனக்கு ஒரு கணக்கு மிச்சம் இருக்கிறது: பசியாறல் ஆகிவிட்டது, கேள்வி இன்னும் கேட்கப்படவில்லை. அதைக் கேட்காமல் விடுவதற்குப் பெயர் மன்னிப்பா, கோழைத்தனமா என்று அருட்தந்தையிடம் தொலைபேசியில் கேட்டேன். மறுபடியும் போய்ச் சாப்பிடுங்கள் என்றார்.

இனி, சேர நினைப்பவர்களுக்கு. மன்னிப்பைப் பற்றி ஏற்கெனவே மனநிறைவோடு இருப்பவர்கள் முதல் வகுப்பையும் ஆறாம் வகுப்பையும் விரும்புவார்கள். என்னைப்போல் கணக்கு வைத்திருப்பவர்கள் இரண்டு, மூன்று, ஏழு ஆகிய மூன்றையும் தவறவிடக்கூடாது. ஐந்தாம் வகுப்பை முற்றாக மாற்றி அமைக்காவிட்டால், உடல் வன்முறைக்கோ துரோகத்துக்கோ ஆளாகி இன்னும் அதற்குள்ளேயே இருப்பவர்களை அதற்கு அனுப்ப நான் பரிந்துரைக்கமாட்டேன். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம், பேச்சு விளங்கினால் போதும். குறிப்பேட்டால் யாருக்கும் பெரிய இழப்பு இல்லை. 80 ரிங்கிட் நியாயமான விலை. 2026-இல் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 18 அன்று வருகிறது. அது சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், நோன்பு மாதமும் அதை ஒட்டியே தொடங்கும். பாதிப் பேர் ஊரில் இருக்கமாட்டார்கள் என்பதால் பதிவை ஜனவரியிலேயே முடிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் இரண்டு இடம் கேட்டு வைத்திருக்கிறேன். இரண்டாவது யாருக்கு என்று படிவத்தில் இன்னும் எழுதவில்லை.